எட்டு மில்லி

ஜூலை 6, ஞாயிறு

தம்பி போன். அம்மா ரேஷன் கடைக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாளாம். பூக்காரம்மா பார்த்துக் கூட்டி வந்திருக்கிறாள். கோவில்பட்டியில் அம்மா நடக்காத தெரு கிடையாது.

"நீயே பாத்துக்கோக்கா. உன் லைன்தானே இது" என்கிறான். புதன்கிழமை சென்னைக்குக் கூட்டி வருகிறான்.

என் லைன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் எம்.ஆர்.ஐ. ஆய்வின் நார்மல் குரூப்புக்கு ஆள் வராததால் நானே இயந்திரத்தில் படுத்தேன். ஒரே ஆள், ஒரே இடம், வேறு வேறு நாள். எண் தானாக எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால்தான் நோயாளியின் எண்ணை நம்பலாம்.

கழுத்துக்குக் கீழே வைக்கிற திண்டு நைந்துவிட்டது. வலது காது மடல் காயிலில் மடங்கிக்கொண்டது. பாதத்தில் ஏசிக் குளிர். படம் எடுக்கிற வரையில் ஒரே இரைச்சல், மூளையின் ரசாயனத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோ தொடங்கியதும் தணிந்த தட்டல். இரண்டு விநாடிக்கு ஒன்று, 128 தட்டல். நாலே கால் நிமிஷம். எண்ண ஆரம்பித்தேன், நடுவில் அம்மா ஞாபகம் வந்து விட்டுப்போயிற்று.

என்.ஏ.ஏ. நிற்கிறது. என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட்டின் பீக், 2.02 பி.பி.எம்.இல், நல்ல உயரம். 3.0இல் கிரியேட்டின், 3.2இல் கோலின், 3.5 தாண்டி மயோ-இனோசிட்டால். தலையின் பின்பக்கம், இரண்டு பாதியும் சேரும் நடுக்கோட்டில் எட்டு மில்லி சதை. அதற்குள் இத்தனையும். தண்ணீரின் சிக்னல் இவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. அதை அடக்கினால்தான் இவை தலை காட்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு திரையில் எழும்பும்போது எனக்கு மயிர் கூச்செறிகிறது. கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல் உயிரோடு இருக்கும் மூளையின் ரசாயனம்.

ஜூலை 9, புதன்

அம்மா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை.

பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். வாங்கி டப்பாவில் போட்டேன். காபி குடித்துவிட்டு மறுபடி பையைத் திறந்து, "உனக்குத்தான் வாங்கியாந்தேன்" என்று இன்னொரு பாக்கெட். அதையும் வாங்கிக்கொண்டேன்.

"ஏட்டி, ஊருக்கு எப்பப் போறோம்?"

வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.

தெருச் சீட்டை நோட்டில்லாமல் நடத்தினவள். யார் எந்த மாசம் எடுத்தார்கள், தள்ளு எவ்வளவு, யார் பாக்கி, எல்லாம் வாயில் இருக்கும்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரம்மா அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவசரப்படுத்தவில்லை. ஐந்து சொல் சொல்லித் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டாள். எண் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்துவிட்டது. "இடம் பத்தலைங்க" என்றாள், மரியாதையாக.

பி12 நார்மல். தைராய்டு நார்மல். அதில் ஏதாவது கோளாறு இருந்திருந்தால் மாத்திரையில் சரியாகியிருக்கும். நார்மல் என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோபம் வந்தது.

எம்.ஆர்.ஐ., கூடவே ஸ்பெக்ட்ரோ, எங்களிடத்திலேயே. பெட் ஸ்கேன் வெளியில்.

இடுப்பு வலி.

ஜூலை 11, வெள்ளி

காலையில் ஃபேன்டம். கண்ணாடி உருண்டையில் மூளையின் சரக்கெல்லாம் அளந்து கரைத்து வைத்திருக்கிறது. என்.ஏ.ஏ. லிட்டருக்கு 12.5 மில்லிமோல், கிரியேட்டின் 10. பீக்குகள் ஊசி மாதிரி கூர்மை. மனிதத் தலையில் இந்தக் கூர்மை வராது. ரத்தம் ஓடுகிறது, மூச்சு போகிறது, எலும்பும் காற்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து காந்தப்புலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும்.

புதிதாக வந்த பெண் கேட்டாள், இந்த என்.ஏ.ஏ.வுக்கு என்ன வேலை என்று. 1956இல் கண்டுபிடித்தார்கள். நியூரானின் மைட்டோகாண்ட்ரியாவில் தயாராகிறது. மூளையில் இவ்வளவு குவிந்து கிடக்கிறது. எதற்கு என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. ஆனால் நியூரான் நொந்தால் முதலில் இறங்குவது அதுதான். அவளுக்குச் சொன்னபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. அவள் கவனித்திருக்கமாட்டாள்.

சாயங்காலம் நான் படுத்தேன். என்.ஏ.ஏ. நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மல்லி வாங்கிக் கொடுத்தேன். அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டினாள். கண் டிவியில். விரல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று. கண் வைக்காமலே இடைவெளி சீராக விழுகிறது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியது. அவளுக்கு என்று எழுத வந்தேன். இருக்கட்டும்.

"ஊருக்கு எப்பப் போறோம்?"

அடுத்த வாரம்மா.

"ஏட்டி, ஊருக்கு எப்பப் போறோம்?"

பதில் சொல்லச் சொல்லக் குரல் கடுக்கிறது. வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 16, புதன்

அம்மாவின் ஸ்கேன்.

மூக்குத்தித் திருகு இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றினேன். "உங்க அப்பா போட்டது, தொலைச்சிராத" என்றாள். என் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். கம்மல், மெட்டி, ஊக்கு, கொண்டை ஊசி. எல்லாம் கழற்றின பிறகு அம்மா வேறு யாரோ மாதிரி சின்னதாக இருந்தாள்.

கன்சோலில் எங்கள் டெக்னீஷியன் அண்ணன் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறதா என்று படத்தில் பார்த்தேன். சுருங்கியிருக்கிறது, கொஞ்சம். வயதுக்கு இருக்கலாம். வயதுக்கு இருக்கலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாக்சல், அதாவது அளக்கிற எட்டு மில்லிப் பெட்டி, போஸ்டீரியர் சிங்குலேட்டில். நான் என் தலையில் வைக்கிற அதே இடம். காற்றறைகள் பக்கத்தில் இல்லை, ஷிம், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்குவது, நன்றாக அமையும். அல்சைமர் சீக்கிரமே தொடுகிற இடங்களில் ஒன்று என்பதால்தான் ஆய்வுக்கே அதை எடுத்தோம்.

பாதியில் உள்ளேயிருந்து குரல். "ஏட்டி, இருக்கியா?" தலை அசைந்துவிட்டது. மண்டைத்தோல் கொழுப்பின் சிக்னல் 1.3 பக்கம் மேடாக எழும்பிற்று. வீண். அண்ணன் மைக்கை என்னிடம் தள்ளினார். "இங்கதாம்மா இருக்கேன். அசையாமப் படுத்துக்க." மறுபடி 128. இந்த முறை எல்லாவற்றையும் எண்ணினேன். விடவில்லை.

ஷிம் நல்லது. கோடு சுத்தம். எக்கோ நேரம் 30 மில்லிவிநாடி.

என்.ஏ.ஏ. நிற்கிறது. என்னுடையதைவிடத் தாழ்ந்து நிற்கிறது. மயோ-இனோசிட்டால் மேலே வந்திருக்கிறது. நியூரானுக்கு அது இறங்க, கிளையாவுக்கு இது ஏற, இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன என்று நான் பாடமே எடுக்கிறேன்.

அண்ணன் கிரியேட்டினுக்கு விகிதம் போட்டார். எழுதவில்லை. எழுந்து போய் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோவில் ஸ்பீக்கர் விடிகாலையிலேயே. அம்மா உற்சாகமாக எழுந்து, "நம்ம காளியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாவளா?" என்றாள். சென்னை என்று சொன்னேன். "தெரியும்" என்றாள், கோபமாக.

ராத்திரி ஒரு மணி வரை பழைய ஆய்வுகள். நினைவு சரிதான்: என்.ஏ.ஏ. குறைந்தால் நியூரான் செத்தது என்று அர்த்தமில்லை. வலிப்புக்கு ஒரு பக்கம் அறுவை செய்து வலிப்பு நின்றதும், மறுபக்கத்தில் இறங்கியிருந்த என்.ஏ.ஏ. திரும்ப ஏறியிருக்கிறது. 90களிலேயே காட்டிவிட்டார்கள். செத்த செல் திரும்பி வராது. அப்படியானால் அது சாகவில்லை, நொந்துபோயிருந்தது, அவ்வளவுதான். ஏறும்.

ஏறும். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

அது வலிப்பு. இது வேறு. நேற்று ராத்திரி எனக்கு என்ன வந்தது.

என்.ஏ.ஏ. நிறைய இருந்தால் நல்லது என்றும் கிடையாது. கேனவன் நோய்க் குழந்தைகளுக்கு அதை உடைக்கிற நொதி இல்லாமல் தலையெல்லாம் என்.ஏ.ஏ. சேர்ந்துவிடும். வெள்ளைப் பொருள் நுரை தட்டிப் போகும். எத்தனையோ வருஷம் முன்னால் பார்த்த பீக், இன்னும் மறக்கவில்லை. உயரமாக, பார்க்க அழகாக இருந்தது. அந்தக் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை.

வேலை ஓடவில்லை. கண் எரிச்சல்.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல நாள். அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டே பழைய சீட்டுக் கதை சொன்னாள். டெய்லர் வீட்டுக்காரி பொய் சொல்லி ரெண்டாம் மாசமே எடுத்தது, பிறகு மகள் கல்யாணத்துக்கு அம்மாதான் பாக்கியைத் தள்ளிக் கொடுத்தது. தொகை சொன்னாள். மாசம் சொன்னாள். தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன், சரிதான் என்றான்.

பழசு கடைசி வரை நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் சந்தோஷம். இன்று சந்தோஷமாகவே இருந்துகொள்கிறேன்.

"ஊருக்கு எப்பப் போறோம்?" இன்று கேட்கவில்லை. நானே கவனித்து, கேட்கவில்லையே என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

பெட்.

ராத்திரியிலிருந்து தண்ணீர் மட்டும். காலையில் அம்மா மூன்று தரம் காபி கேட்டாள். சர்க்கரை 138. நல்லவேளை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அது ஊசியில் ஏற்றுகிற கதிரியக்கச் சர்க்கரையான எஃப்.டி.ஜி.யோடு போட்டி போட்டு மூளைக்குள் போவதைக் குறைத்துவிடும்.

மருந்து ஒன்பதரைக்கு வர வேண்டும். வண்டி கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டது. ஃபுளோரின்-18க்கு அரை ஆயுள் 110 நிமிஷம். ஒரு மணி நேரம் தாமதமானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 1976இல் முதன்முதல் மனித மூளைக்கு இதைக் கொடுத்தபோது புரூக்ஹேவனில் தயாரித்து விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். கையில் கரைந்துகொண்டே இருக்கிற சரக்கோடு ஏறி உட்கார்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும். அவர்களை நினைத்துக்கொண்டதில் கொஞ்சம் தைரியம் வந்தது. சேர்ந்து காத்திருக்கிற மாதிரி.

பத்தரைக்கு ஈயப் பெட்டி வந்தது. அளந்து பார்த்தார்கள், போதுமானது இருக்கிறது. 5 மில்லிக்யூரி. மொத்தக் கதிர்வீச்சு மூன்றரை மில்லிசீவர்ட் வாக்கில். எத்தனையோ பேருக்குப் பயப்படாதீர்கள் என்று சொன்ன எண். இன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்த அறை. விளக்கு மங்கல். சாய்வு நாற்காலி. பேசக்கூடாது, படிக்கக்கூடாது, போன் கூடாது. ஊசி போட்ட முதல் அரை மணியில் மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடம் அதிகம் எடுத்துக்கொள்ளும். பேசினால் பேச்சின் இடம், பார்த்தால் பார்வையின் இடம். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கிறது, ஹெக்சோகைனேஸ் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. இரண்டாவது கார்பனில் ஆக்சிஜன் இல்லாததால் அடுத்த படிக்குப் போக முடியாது. வெளியிலும் வர முடியாது. அங்கேயே நின்று ஒளிரும்.

அம்மாவை அரை மணி நேரம் பேசாமல் உட்காரச் சொன்னவர் யாரும் கிடையாது, பிறந்ததிலிருந்து.

என்னை உள்ளே விடவில்லை. இங்கே நான் அட்டெண்டர் மட்டும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேசவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். மடியில் விரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று. பூ இல்லை, நார் இல்லை.

அசையக்கூடாது என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். கை இடத்துக்குச் சர்க்கரை போகும். என் வேலையே அதைச் சொல்வது. வாய் வரவில்லை. கட்டட்டும்.

ஸ்கேன் பதினைந்து நிமிஷம். சத்தமே இல்லை. "இது நல்ல மிசினு" என்றாள் அம்மா.

சாயங்காலம் வரை குழந்தைகள் பக்கத்தில் விடக்கூடாது. பக்கத்து வீட்டுக் குட்டி கதவைத் தட்டித் தட்டிப் போயிற்று. அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. "பிள்ளைய ஏன் வெரட்டுத?" என்று என்னோடு சண்டை.

ஜூலை 23, புதன்

ரிப்போர்ட்.

போஸ்டீரியர் சிங்குலேட், பிரிகூனியஸ், இரண்டு பக்கப் பரைட்டல், டெம்போரல். குறைவு. இடது பக்கம் கூட.

படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கும்போது மூளையில் மிக அதிகமாகச் சர்க்கரை எடுக்கிற இடங்களில் ஒன்று அது. மற்றவர்களுக்கு நடுவில் சிவப்பாக எரியும். அம்மாவுக்கு மஞ்சள்கூட இல்லை, பச்சை. நான் எட்டு மில்லி எடுத்துப் பார்த்த அதே இடம். ஒன்று காந்தம், ஒன்று கதிர். ஒன்று என்ன இருக்கிறது என்று கேட்டது, ஒன்று என்ன சாப்பிடுகிறது என்று கேட்டது. வேறு வேறு வழியில் போய் ஒரே விரலை ஒரே இடத்தில் வைத்துவிட்டன. ஆய்வாளராக எனக்கு இதைவிட அழகான பொருத்தம் கிடைக்காது. அழுதேன்.

மோட்டார் பகுதி இரண்டு பக்கமும் பளிச்சென்று. விரல் ஆட்டியதாலா, இந்த நோய் அந்த இடத்தைக் கடைசி வரை தொடாது என்பதாலா. பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவிடம் கேட்டால் நோய் தொடாதது என்றுதான் சொல்வார். பூ கட்டினதும் அதில் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தம்பி அங்கே அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டான். இங்கே படையல் மட்டும். என்ன சமைப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள் அம்மா. வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம், உளுந்த வடை. உப்பு பார்க்கக் கூடாது என்று என் கையைத் தட்டிவிட்டாள். காக்கா வரும்வரை மொட்டை மாடி வெயிலில் நின்றாள்.

வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "அப்பா இன்னும் வரலியே" என்றாள்.

இவர்தான் சமாளித்தார். எனக்கு வயிற்றில் என்னவோ புரண்டது.

ஜூலை 25, வெள்ளி

டோனப்பசில் 5 மி.கி., ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. நிறுத்தாது, கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும். குமட்டல் வரலாம். நாடித் துடிப்பு பார்க்க வேண்டும்.

டாக்டரம்மா சொன்னது: "இப்பவே தெரிஞ்சது நல்லதுமா. அம்மா என்ன விரும்புறாங்கன்னு அவங்களே சொல்ற நிலையில இருக்கும்போதே கேட்டுக்கோங்க." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே. இத்தனை நாள் எதற்காகப் பீக்கின் உயரம் அளந்தேன் என்றால், இதற்குத்தான். யாராவது ஒருவருக்கு, கேட்க இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிய வேண்டும் என்பதற்கு.

ஆனாலும் தெரியாமலே இருந்திருந்தால் இந்த ஆடி வேறு மாதிரி போயிருக்கும்.

ஜூலை 28, திங்கள்

என் தாளை எடுத்தேன். நார்மல் குரூப், படிவம் இரண்டாம் பக்கம். பெற்றோர், உடன்பிறந்தோரில் மறதி நோய்: இல்லை. எழுதியபோது உண்மை. அடித்து, 'உண்டு' என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம்.

நெறிமுறைப்படி நான் அந்தக் குரூப்பில் இருக்க முடியாது. என் ஸ்பெக்ட்ரம் எல்லாம் தனிக் கோப்பில். இயந்திரத்தின் நிலைத்தன்மைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார் சார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். பிறகு, "உங்களுக்குக் கவலை வேண்டாம், அம்மாவுக்கு வயசாகித்தானே வந்திருக்கு" என்றார். அதையேதான் நானும் மற்றவர்களுக்குச் சொல்வேன். வயதான பிறகு வருவது பெரும்பாலும் நேராகப் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. ஆபத்து கொஞ்சம் கூடும். கொஞ்சம்.

எல்லோரும் போன பிறகு பழைய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒன்றுபோலவே இருக்கின்றன. நிற்கிறது. இது அம்மாவின் வயதில்?

மூடிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

அம்மாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்காமல். ஆய்வுக்கு உன் படத்தை வைத்துக்கொள்ளலாமா, ஆறு மாசம் கழித்து மறுபடி படுக்க வேண்டியிருக்கும்.

"யாருக்கு?"

உன்ன மாதிரி மறக்கிறவங்களுக்கு.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்குத்தான் தெரியுமே ஏட்டி, மறக்குதுன்னு. நீங்கதான் சொல்ல மாட்டேங்கிய."

கையெழுத்துப் போட்டாள். இனிஷியலோடு, முழுப்பேர், கோணாமல். தம்பியையும் சாட்சிக்குப் போட வைக்க வேண்டும், தபாலில் அனுப்புகிறேன்.

எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அடுத்ததாகக் கேட்டேன். ஊரில்தான். பூக்காரம்மா இருக்கிறாள், காளியம்மன் கோவில் இருக்கிறது, வீடு இருக்கிறது. எனக்கு இங்கேயே வைத்துக்கொள்ள ஆசை. இரண்டு மணி நேரம் வாதம் பண்ணினேன், தம்பியோடு போனில் ஒரு மணி நேரம். அவன் பகலுக்கு ஆள் வைப்பதாகச் சொல்கிறான். மாத்திரை நான் இங்கிருந்தே தினமும் வீடியோவில் பார்த்துக் கொடுக்க வைக்க வேண்டும்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் அடுத்த வெள்ளிக்கு இரண்டு பெர்த், கீழ்ப்படுக்கை ஒன்று உறுதி. நான் கூடப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன். லீவு லெட்டர் எழுதியாயிற்று. மூக்குத்தித் திருகு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, போகிற வழியில் ஆசாரியிடம் காட்ட வேண்டும். ஜனவரிக்கு மறு ஸ்கேன் குறித்துவிட்டேன், பொங்கல் கழிந்து.